லைப்ரரில கடல் ஸ்டோரிடைம் பண்றீங்களா, கரைல ஆரம்பிச்சு ஆழத்துக்கு இறங்குங்க

கடல் தீம்னு சொன்னதும் சுறா, டால்பின், ஆமை, நண்டுன்னு எல்லாத்தையும் ஒரே நாள்ல திணிச்சிடறோம், 4 வயசு குழந்தைக்கு அதுல எதுவுமே மனசுல நிக்காது. அதனால கரைல ஆரம்பிச்சு அப்படியே ஆழத்துக்கு இறங்கிட்டே போங்க, ஒவ்வொரு இடத்துலயும் ஒரே ஒரு உயிரினம் போதும். நாம எங்கயோ போயிட்டிருக்கோம்னு தெரிஞ்சா "அடுத்து யாரு?"ன்னு அவங்களே கேக்க ஆரம்பிச்சிடுவாங்க.

3லேருந்து 6 வயசு வரைக்கும்னா மொத்தம் 40 நிமிஷம் தாராளம். ரெண்டு கதை, பெரிய கதைய முதல்ல வாசிச்சிடுங்க, அப்போதான் கவனம் முழுசா இருக்கும். முந்தின நாளே ஒரு தடவ சத்தமா வாசிச்சுப் பாத்துடுங்க.

கரைக்கு கடல் ஆமை. அம்மா ஆமை மணல்ல குழி தோண்டி முட்டை போட்டுட்டு கடலுக்குப் போயிடும், குட்டிங்க பொரிஞ்சு வந்து தானாவே தண்ணிய நோக்கி ஊர்ந்து போகும். தரைல நீலத் துணி விரிச்சு வச்சீங்கன்னா எல்லாரும் ஊர்ந்தே கடலுக்குள்ள போயிடலாம், ஆரம்பத்துலயே உடம்ப அசைச்சிட்டா அப்புறம் உக்காந்து கேப்பாங்க.

அடுத்து நீலத் திமிங்கிலம், இதுக்கு மட்டும் கொஞ்சம் கூடவே டைம் குடுங்க. அது 30 மீட்டர் நீளம் வரைக்கும் வளரும், ஆனா அந்த நம்பர் சின்னப் பசங்களுக்கு ஒண்ணும் சொல்லாது, 30 மீட்டர் கயிறு ஒண்ணு எடுத்துக்கிட்டு ஒரு முனைய ஒரு குழந்தை கைல குடுத்துட்டு அலமாரிங்களுக்கு நடுவுல இழுத்துட்டே போங்க, ரூம் முடிஞ்சிடும் கயிறு முடியாது, அந்த நேரத்துல அவங்க முகத்த பாக்கணும், அதுக்காகவே இந்த ப்ரோக்ராம் வைக்கலாம்! பசங்க கழுத்துல கைல கயிறு சுத்திக்காம பாத்துக்க கூட ஒரு ஆள் வச்சுக்கோங்க.

அப்புறம் ஆக்டோபஸ். கைய நெஞ்சுல வச்சு இதயம் துடிக்கறத கண்டுபிடிக்கச் சொல்லுங்க, நமக்கு ஒண்ணு, அதுக்கு 3, ரத்தம் வேற நீல நிறம்னு சொன்னா யாராவது கண்டிப்பா ஏன்னு கேப்பாங்க, நம்ம ரத்தத்துல இரும்பு இருக்கற மாதிரி அதுல செம்பு இருக்குன்னு சொல்லிடுங்க.

கடைசில இருட்டு. 200 மீட்டருக்குக் கீழ சூரிய வெளிச்சம் ரொம்பக் கம்மி, 1000 மீட்டர் தாண்டினா சுத்தமா கிடையாது. லைட்ட ஒண்ணொண்ணா அணைங்க, ஆனா முன்னாடியே சொல்லிட்டு அணைங்க, ஓரத்துல ஒரு விளக்கு எரியட்டும், பயப்படற குழந்தைய அம்மா அப்பா மடில உக்கார வைங்க. அங்க தூண்டில் மீன் இருக்கு, பெண் மீனோட தலைக்கு முன்னாடி குட்டியா ஒரு வெளிச்சம் தொங்கும், அது உள்ள வாழற பாக்டீரியா தர்ற வெளிச்சம். ரெண்டாவது சின்னக் கதைய இங்க டார்ச் வெளிச்சத்துல வாசிங்க.

க்ராஃப்ட் வேணும்னா பேப்பர் ப்ளேட்ல ரிப்பன் ஒட்டி ஜெல்லிமீன், போதும். சிப்பி, மணி மாதிரி குட்டிப் பொருள் வேணாம், கூட வர்ற தம்பி தங்கச்சிங்க வாய்ல போட்டுடுவாங்க.

அவங்க கிளம்பறதுக்கு முன்னாடியே கடல் புத்தகங்கள எடுத்து அட்டை தெரியற மாதிரி அவங்க உயரத்துக்கு அடுக்கி வச்சிடுங்க, அதுல பாதி ஃபோட்டோவோட இருக்கற தகவல் புத்தகமா இருக்கட்டும், திமிங்கிலத்த பாத்த குழந்தை நேரா அங்கதான் போகும்.