வைஃபை டேட்டாவை முடிக்கிறது யார்? கணக்குப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் கம்பஸ் பிள்ளைகளுக்கு அறை வாடகைக்குக் கொடுக்கும் வீடுகளில் மாதக் கடைசியில் வழமையாக ஒரு சண்டை வரும்: டேட்டாவை முடித்தது யார்? பழி பெரும்பாலும் கேம் விளையாடுகிற பொடியன் தலையில்தான் விழும். உண்மையில் போனில் ஒரு மணித்தியாலம் கேம் விளையாட நூறு எம்பி அளவு போனாலே அதிகம். அந்த நேரம் பக்கத்து அறையில் ஒருவர் எச்டியில் நெட்ஃபிளிக்ஸ் பார்த்தால் மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை போகும், 4கே என்றால் 7 ஜிபி வரை. இது நெட்ஃபிளிக்ஸே சொல்லும் கணக்கு. (கேமின் அப்டேட் வேறு கதை, அது ஜிபிக் கணக்கில் இழுக்கும்.) ஆளைப் பிடிக்க முதல் அளந்து பாருங்கள். அப்படி அளப்பதில்தான் கனபேர் பிழை விடுகிறார்கள்.

பெரிய பிழை, அளக்கும் இடம். லப்டொப்பில் வயர்ஷார்க் (நெட்வொர்க்கில் வந்துபோவதைக் காட்டும் மென்பொருள்) போட்டால் முழு வீட்டின் டேட்டாவும் தெரியும் என்று நினைப்பார்கள். தெரியாது. சுவிட்ச் (சாதனங்களின் வயர்களை இணைக்கும் பகுதி) ஒவ்வொரு சாதனத்துக்கும் உரியதை அந்தந்த வயருக்குத்தான் அனுப்பும், உங்கள் லப்டொப்புக்கு வருவது அதனுடையதும் எல்லோருக்கும் பொதுவாகப் போகும் சில பாக்கெட்டுகளும் (சிறு டேட்டாத் துண்டுகள்) மட்டும்தான். அதற்காக நெட்கட் மாதிரி ஒரு மென்பொருளைப் போட்டு மற்றவர்களின் இணைப்பைத் தங்கள் கணினிக்குள்ளால் திருப்பி எடுப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். எல்லோருக்கும் வேகம் படுத்துவிடும், அடுத்தவரின் இணைப்புக்குள் கை வைப்பது முறையும் இல்லை. எல்லாம் கடந்துபோகும் இடம் ரவுட்டர், அங்கேதான் எண்ண வேண்டும்.

கம்பனி தரும் ஃபைபர் பெட்டிகள் பலவற்றில் யார் இணைந்திருக்கிறார்கள் என்பது தெரியும், யார் எவ்வளவு பாவித்தார்கள் என்பது தெரியாது. ஆகவே அதன் பின்னால் சொந்தமாக ஒரு மைக்ரோடிக் கம்பனி ரவுட்டரோ, ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட ரவுட்டரோ வைப்பது நல்லது. ஆனால் வைத்த பிறகு பழைய பெட்டியின் வைஃபையை நிறுத்த மறந்துவிடுவார்கள். பாதிப் போன்கள் பழைய பாஸ்வேர்டோடு அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும், கணக்கில் வரவே வராது. மேல்மாடிக்கு சிக்னல் போதவில்லை என்று இன்னொரு ரவுட்டரை அதன் வான் (WAN, இணையம் உள்ளே வரும்) போர்ட்டில் செருகினால் வேறு சோலி: மேல்மாடி முழுவதும் ஒரே சாதனமாகத் தெரியும். அதை வைஃபையை மட்டும் பரப்பும் அக்செஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றினால் ஒவ்வொன்றும் தனித்தனியாக வரும். மைக்ரோடிக்கில் சிம்பிள் கியூவை (ஒவ்வொரு சாதனத்தின் வேகத்தையும் கட்டுப்படுத்தி எண்ணும் வசதி) வைத்து எண்ணுபவர்கள் ஃபாஸ்ட்ராக் (வேகத்துக்காகக் குறுக்கு வழியில் அனுப்பும் வசதி) ஓடுகிறதா என்று பாருங்கள். அது ஓடினால் பெரிய டவுன்லோடுகள் கியூவைத் தொடாமலே போய்விடும், இருக்கிற கணக்கு பொய்க்கணக்கு.

அப்புறம் பெயர்க் குழப்பம். அண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 இலிருந்து போன்கள் வைஃபைக்கு உண்மையான மாக் முகவரியை (சாதனத்தின் அடையாள எண்) வழமையாகக் கொடுப்பதில்லை, தாங்களே ஒன்றை உருவாக்கிக் கொடுக்கின்றன. ஒருவர் நெட்வொர்க்கை அழித்துவிட்டுத் திரும்ப இணைந்தால் சில போன்கள் புதிய ஆளாக வந்து நிற்கும். வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை நிறுத்தச் சொல்லுங்கள், பிறகு ஒவ்வொரு மாக்குக்கும் ஒரு ஐபியை (நெட்வொர்க்கில் அந்தச் சாதனத்தின் முகவரி) நிரந்தரமாக ஒதுக்கிப் பெயரும் போட்டுவிடுங்கள். பழைய வகை ஐபியான ஐபிவி4 ஐ மட்டும் எண்ணும் முறையும் ஏமாற்றும். உங்கள் இணைப்பில் புதிய வகையான ஐபிவி6 இருந்தால் யூடியூப் பெரும்பாலும் அதனூடாகத்தான் வரும்.

டவுன்லோடை மட்டும் பார்க்காதீர்கள், எங்கள் ஊரில் இது முக்கியம். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் பார்ப்பதற்கென்று வாசலில் கமெரா பூட்டிய வீடுகள் எத்தனை! கமெரா வீட்டுக்குள் இருக்கும் பெட்டியில் பதிந்தால், வெளியிலிருந்து யாரும் பார்க்காத நேரத்தில் இணையத்தில் பெரிதாக ஒன்றும் போகாது. கிளவுடுக்கு விடாமல் அனுப்பினால், 1 எம்பிபிஎஸ் என்று வைத்தாலும், ஒரு நாளைக்கு 10.8 ஜிபி, 30 நாளில் 324 ஜிபி. எல்லாம் அப்லோட். உங்கள் பக்கேஜில் அப்லோடும் கழிக்கப்படுகிறதா என்று ஒருக்கால் பாருங்கள்.

எம்பிபிஎஸ் என்பது பிட், எம்பி என்பது பைட், பிட்டைப் பைட்டாக்க எட்டால் பிரிக்க வேண்டும். ஸ்பீட் டெஸ்ட் காட்டுவது வேகம் மட்டும், பாவித்த அளவு அல்ல.

கரண்ட் போனால் என்ன நடக்கும் என்பதையும் யோசியுங்கள். ஓபன்டபிள்யூஆர்டியில் சாதன வாரியான கணக்கு வழமையாகத் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும், ரவுட்டர் நின்றால் அழிந்துவிடும். ஒரு யூஎஸ்பியில் சேமிக்க வையுங்கள். பக்கேஜில் இரவுக்குத் தனி டேட்டா இருந்தால் ரவுட்டரின் நேரமும் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரவு டேட்டாவில் டவுன்லோட் செய்தவரும் பகலில் முடித்தவராகத் தெரிவார்.