கவுன்டர்-ஸ்ட்ரைக் 2: பழைய கையோடு வந்து மாட்டிக்கொள்ளும் இடங்கள்

"கிராஃபிக்ஸை மட்டும் மாத்தியிருக்கான், மத்தபடி அதே கேம்தான்." கடலூர் மஞ்சக்குப்பமோ புதுச்சேரி லாஸ்பேட்டையோ, ஐந்து பேர் கொண்ட இரண்டு அணிகள் மோதும் துப்பாக்கிச் சண்டை கம்ப்யூட்டர் கேமான கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடும் எந்தக் கூட்டத்திலும் இப்படிச் சொல்ல ஒருத்தராவது இருப்பார். 2012-இல் வந்த குளோபல் அஃபென்சிவ் என்ற முந்தைய பதிப்பை எடுத்துவிட்டு, 2023 செப்டம்பரில் கேமைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனம் அதே இடத்தில் இரண்டாம் பாகத்தை வைத்தது. மேப்பும் துப்பாக்கியும் தெரிந்தவையாக இருப்பதால் இந்த எண்ணம் வருகிறது. பழைய ஆட்கள் புதுசில் தோற்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஸ்மோக்கை, அதாவது புகைக்குண்டையே எடுத்துக்கொள்வோம். முன்பு புகை விழுந்துவிட்டால் அது அடங்கும்வரை பின்னால் நிம்மதியாக நிற்கலாம். இப்போது புகை இடத்தைப் பார்த்துப் பரவுகிறது. கதவு திறந்திருந்தால் வெளியே வழியும், சந்தில் போட்டால் நீளவாக்கில் நிரம்பும். தோட்டா பாய்ந்தால் கணநேரம் துளை விழும். எச்இ என்ற கையெறி குண்டு வெடித்தால் நடுவில் வழியே திறந்து, சில நொடியில் மூடிக்கொள்ளும். எதிரணி வைத்த பாம் மேல் புகையைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து அதை டிஃப்யூஸ் செய்கிற (செயலிழக்க வைக்கிற) பழைய தந்திரம் இங்கேதான் அடிவாங்குகிறது. வேலையை விரைவாக்கும் கிட் இல்லாமல் டிஃப்யூஸ் செய்ய 10 நொடி ஆகும். அதற்குள் எதிராளி கேம் காசில் 300 டாலர் ஆகும் எச்இ குண்டு ஒன்றை வீசினால் போதும், நீங்கள் வெட்டவெளியில் இருப்பீர்கள்.

இதன் மறுபக்கத் தவறும் உண்டு. ரவுண்டு தொடங்கியதுமே எச்இயை எங்கேயாவது வீசித் தீர்த்துவிடுகிறார்கள். அதை வைத்திருந்து, ஒருவர் வீச இன்னொருவர் அந்த இடத்தையே குறிபார்த்துத் தயாராக நின்றால்தான் பலன். வீசியவரே துப்பாக்கியை எடுப்பதற்குள் புகை திரும்பிவிடும். புகை திறந்தால் எதிராளிக்கும் நீங்கள் தெரிவீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது, ஆயுதம் வாங்க கேமுக்குள்ளேயே கிடைக்கும் காசு. முன்பு முழு மேட்ச் 30 ரவுண்டு, 16 ஜெயிக்க வேண்டும். இப்போது 24 ரவுண்டு, 13 ஜெயித்தால் முடிந்தது. ஒரு பாதிக்கு 12 ரவுண்டுதான் என்பதால் சும்மா விட்டுக்கொடுத்த இரண்டு ரவுண்டு பழையதைவிட அதிகமாக வலிக்கும். ஏகே துப்பாக்கி 2700, ஹெல்மெட்டோடு கவசம் 1000, ஒரு ஸ்மோக், கண்ணைக் கூசவைக்கும் ஃபிளாஷ் குண்டு ஒன்று சேர்த்தால் ஆளுக்கு 4200 டாலர். இரண்டு பேரிடம் ஐயாயிரமும் மூன்று பேரிடம் இரண்டாயிரமும் இருக்கும்போது அவரவர் இஷ்டத்துக்கு வாங்குவதுதான் மோசம். வாங்கினால் ஐந்து பேரும், சேர்த்தால் ஐந்து பேரும். தவறாக வாங்கியதை, பயன்படுத்தாமல் இருந்தால், வாங்கும் நேரம் முடிவதற்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதே பலருக்குத் தெரியவில்லை. பாமைத் தடுக்கும் அணியான சிடி பக்கம் இன்னொரு கணக்கு: ஏகே தலையில் பட்டால் ஹெல்மெட் இருந்தும் சாவுதான். எதிரிகள் எல்லோரும் ஏகே வைத்திருக்கும்போது ஹெல்மெட்டை விட்டால் 350 மிச்சம். அதோடு 50 சேர்த்தால் டிஃப்யூஸ் கிட்.

மொபைலில் பிஜிஎம்ஐ ஆடிவிட்டு வருகிறவர்கள் ஓடிக்கொண்டே சுடுவார்கள், குண்டு வானத்துக்குப் போகும். எதிர்த் திசைக் கீயை ஒரு தட்டுத் தட்டி நின்று சுடப் பழகுங்கள். இதைத் தானாகச் செய்துகொடுக்கும் கீபோர்டுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். 2024 ஆகஸ்டிலிருந்து அந்த வசதியைப் பயன்படுத்தினால் வால்வின் சர்வர் மேட்ச்சிலிருந்து தூக்கிவிடுகிறது. குதித்துக்கொண்டே குண்டு வீச, இரண்டு செயலையும் ஒரே கீயில் கட்டிவைக்கும் பழைய பைண்டும் அப்போதே செல்லாமல் போனது. இப்போது கையாலேயே செய்யலாம், சரியாகத்தான் விழுகிறது.

"சுவருக்குப் பின்னாடி வந்துட்டேன், அப்புறமும் செத்துட்டேன், எல்லாம் இந்த சப்டிக்" என்ற புலம்பலையும் கேட்டிருப்பீர்கள். நீங்கள் சுட்ட நொடியைத் துல்லியமாகக் குறித்துக்கொள்வதுதான் சப்டிக்கின் வேலை. உங்கள் நெட்டின் தாமதத்தை அது ஒழிக்காது. ரவுட்டரிலிருந்து கேபிளை நேராகப் போட்டுவிட்டு அப்புறம் திட்டலாம்.

கடலூர்க்காரர்கள் ஐப்பசி, கார்த்திகையில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். கரண்ட் போனால் மேட்ச் போகும், திரும்பி வரவில்லையென்றால் தடையும் விழும். முதலில் அரைமணி நேரம், அடிக்கடி நடந்தால் நாள்கணக்கில். நம் வீட்டு இன்வெர்ட்டர் லைன் பெரும்பாலும் ஃபேன், லைட்டோடு நின்றுவிடும். கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் வாங்குகிறவர்கள் ரவுட்டரை மறந்துவிடுகிறார்கள். அதையும் அதிலேயே செருகுங்கள். இடி மின்னல் கூடிவிட்டால் ரேங்க் மேட்சைத் தொடாமல் பயிற்சிக்கு டெத்மேட்ச் ஆடிக்கொண்டிருக்கலாம்.

பேச்சில் ஒரு தவறு சகிக்க முடியாதது: செத்தவர் மைக்கை விடாமல் பேசுவது. உயிரோடு இருப்பவருக்குக் காலடிச் சத்தம் கேட்க வேண்டும். எங்கே, எத்தனை பேர் என்று சொல்லிவிட்டு வாயை மூடுங்கள். நான்கு தமிழர்களோடு ஐந்தாவதாக வடக்கிலிருந்து ஒருவர் சேர்ந்தால், "மச்சி, அங்க, அந்தப் பக்கம்" என்பதெல்லாம் அவருக்கு ஒன்றும் சொல்லாது. மேப்பில் உள்ள இடத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

எந்த ஸ்கின் (ஆயுதத்துக்கான அலங்காரத் தோற்றம்) வரும் என்று தெரியாமல் காசு கொடுத்துக் கேஸ் என்ற பெட்டியைத் திறப்பதைப் பற்றி என் கருத்து கடுமையானது: கேம் இலவசம், கேஸ் சூதாட்டம். சேமிப்பு என்று நினைத்துக் கத்தி ஸ்கின் வாங்கியவர்கள் 2025 அக்டோபரில் பார்த்தார்கள். சிவப்புத் தர ஸ்கின் ஐந்தைக் கொடுத்துக் கத்தியாக மாற்றலாம் என்று ஒரே ஒரு அப்டேட் வந்தது. கத்தி விலை சரசரவென்று இறங்கியது.