பாத்ரூம் டைல்ஸில் ஓதம், உதிரும் ஜாயின்ட், தேங்கும் தண்ணீர்: எங்கே தொடங்கி எப்படிச் சரிசெய்வது?

பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் பெயின்ட் பொரிந்து உதிரும். அல்லது கீழ்வீட்டுக்காரர் வந்து தன் கூரையில் படர்ந்த மஞ்சள் கறையைக் காட்டுவார். உடனே கடைக்குப் போய் ஒரு வாட்டர்ப்ரூஃப் டப்பாவை வாங்கி டைல்ஸ் மேலேயே பூசிவிடுகிறோம். சில மாதங்களில் கறை அதே இடத்தில் திரும்ப வருகிறது. காரணம், டைல்ஸும் அதன் இடுக்கில் வைக்கும் சிமெண்ட் கிரௌட்டும் தண்ணீரை முழுதாகத் தடுப்பவை அல்ல. டைல்ஸுக்கு அடியில் தளத்தின் மேல் பூசும் வாட்டர்ப்ரூஃப் பூச்சுதான் தடுக்கிறது. அது சரியாக இல்லாவிட்டால் மேலே என்ன தடவினாலும் தற்காலிகம்தான்.

ஆனால் ஓதம் வரும் எல்லா வீட்டிலும் அந்தப் பூச்சுதான் குற்றவாளி என்றில்லை. சுவருக்குள் போகும் பைப், ட்ராப்பைச் (தரைத் தண்ணீர் இறங்கும், சாக்கடை நாற்றம் வராமல் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைக்கும் கிண்ணம்) சுற்றிய இடைவெளி, தரை, சுவர் ஜாயின்ட் என்று தண்ணீர் போக நான்கு வழிகள் உண்டு. எது என்று தெரியாமல் உளியை எடுக்க வேண்டாம்.

முதல் வேலை: தண்ணீர் போகும் வழியைக் கண்டுபிடிப்பது

ஒரு நேரத்தில் ஒரு வழியை மட்டும் சோதியுங்கள். ஓதம் தெரியும் சுவரிலோ கூரையிலோ கறையின் ஓரத்தைப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். இந்தக் கோடு இல்லாவிட்டால் கறை வளர்ந்ததா, குறைந்ததா என்று ஊகம்தான் செய்ய முடியும்.

1. பைப் சோதனை. மூன்று நாள் அந்த பாத்ரூமில் யாரும் குளிக்க வேண்டாம், தரையைக் கழுவவும் வேண்டாம். ஆனால் தண்ணீர் வரும் வால்வு திறந்தே இருக்கட்டும். ஒரே பாத்ரூம் உள்ள வீடு என்றால் ஊருக்குப் போகும் நாட்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அப்போதும் கறை கோட்டைத் தாண்டினால், சுவருக்குள் போகும் சப்ளை பைப்பில் கசிவு என்று சந்தேகிக்கலாம். பிளம்பரை அழைத்து, பிரஷர் பம்ப் வைத்து லைனைச் சோதிக்கச் சொல்லுங்கள். கறை காயத் தொடங்கினால் சப்ளை லைன் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. அடுத்ததற்குப் போகலாம்.

2. ட்ராப் சோதனை. ட்ராப் வாயை மூடும் ஓட்டைத் தகடான ஜாலியைக் கழற்றுங்கள். ஒரு ஹோஸை ட்ராப்புக்குள் நேராகச் செருகி, தரையில் ஒரு சொட்டும் படாமல் பத்துப் பக்கெட் தண்ணீர் அளவுக்கு விடுங்கள். ஒரு நாள் காத்திருங்கள். ஓதம் கூடினால் ட்ராப்பிலோ அதற்குக் கீழுள்ள பைப் இணைப்பிலோ கசிவு.

3. தரை சோதனை. ட்ராப் வாயைப் பாலித்தீனில் சுற்றிய துணியால் இறுக்கமாக அடையுங்கள். வாசலில் மணல் மூட்டை வைத்து, தரையில் ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். தண்ணீர் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். அடைப்பு சரியாக இருக்கிறதா என்று நடுவில் ஒருமுறை பாருங்கள். அடைப்பு நழுவியிருந்தால் சோதனையே செல்லாது. மட்டம் ஓரிரு மில்லிமீட்டர் குறைவது ஆவியாவதால் இருக்கலாம். கால் அங்குலம் இறங்கினால் தரை தண்ணீர் குடிக்கிறது.

4. சுவர் சோதனை. தரை காய்ந்தபின், ஹேண்ட் ஷவரால் சுவரில் மட்டும் இருபது நிமிடம் அடியுங்கள். ஒரு நாள் ஒரு சுவர். ஷவர் டைவர்ட்டர் (தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பும் கைப்பிடி), குழாய் ஆகியவற்றைச் சுற்றியுள்ள ஃப்ளேஞ்ச் தகட்டின் பின்னாலும் தண்ணீர் படட்டும். அந்தத் தகடு அழகுக்காக இருப்பது. அதன் பின்னால் டைல்ஸில் வெட்டிய ஓட்டை பெரும்பாலும் திறந்தேதான் கிடக்கும்.

ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் பாத்ரூம் தளத்தை 8 அங்குலம் முதல் ஓர் அடி வரை இறக்கிப்போட்டு, உள்ளே உடைந்த செங்கல் ஜல்லியை நிரப்பும் வழக்கம் உண்டு. அந்த ஜல்லி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். அதனால் சோதனைக்குப் பிறகு கறை தெரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம். வேலை முடிந்த பிறகும் பழைய ஈரம் வடியப் பல வாரங்கள் ஆகும். முதல் வாரத்திலேயே "வேலை வீண்" என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

ட்ராப்பைச் சுற்றிய இடைவெளி

சரிபார்த்தால் பல வீடுகளில் குற்றம் இங்கேதான் இருக்கும். வழவழப்பான பிவிசி மேல் சிமெண்ட் பிடிப்பதில்லை. கலவை காய்ந்து சுருங்கும்போது ட்ராப் விளிம்பைச் சுற்றி முடி அளவு இடைவெளி விழுகிறது. ஒவ்வொரு குளியலிலும் தண்ணீர் அதில் இறங்குகிறது.

ட்ராப் விளிம்பைச் சுற்றிப் பழைய சிமெண்டை 10 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழத்துக்குச் சிறிய உளியால் சுரண்டி எடுங்கள். பிவிசியை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். இரண்டு நாள் காயவிட்டு, பாலியூரெத்தேன் சீலன்ட்டை இடைவெளி நிரம்பும்வரை அழுத்தி வையுங்கள். ட்ராப்பே உடைந்திருந்தால் மட்டும் தரையை உடைக்க வேண்டிவரும்.

உதிரும் ஜாயின்ட்டை எபாக்சியால் நிரப்புவது

ஜாயின்ட்டைக் குண்டூசியால் கீறிப் பாருங்கள். மாவாகக் கொட்டினால் அது பெரும்பாலும் வெள்ளை சிமெண்டும் தண்ணீரும் கலந்து துணியால் தேய்த்தது. சுருங்கி வெடிக்கும், ஆசிட்டில் கரைந்துபோகும். ஷவர் விழும் தரைக்கும் சுவருக்கும் எபாக்சி கிரௌட்டே (ரெசினும் ஹார்ட்னரும் கலந்ததும் இறுகும் பிசின் வகை) நல்லது. விலை பல மடங்கு கூடுதல்தான். ஆனால் அது தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது, கறையும் எளிதில் பிடிக்காது.

5 அடிக்கு 7 அடி தரை, ஓர் அடி டைல்ஸ், 3 மி.மீ. இடுக்கு என்றால் வேஸ்ட் சேர்த்து 1 கிலோ பாக்கெட் போதும். ஷவர் மூலைச் சுவர்களையும் சேர்த்தால் இரண்டு கிலோ வாங்குங்கள்.

பழையதைச் சுரண்டுவதுதான் வேலையின் பாதி. கார்பைடு முனை வைத்த கை ரம்பத்தால் டைல்ஸ் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு, அதாவது 8 மி.மீ. டைல்ஸுக்கு ஐந்தரை மி.மீ. வரை எடுங்கள். மேலாக 1 மி.மீ. சுரண்டிவிட்டு எபாக்சியைத் தடவினால் அது தகடாகப் பெயர்ந்து வரும். கிரைண்டர் மெஷின் வேகமாக முடிக்கும், ஆனால் பழகாத கையில் டைல்ஸ் விளிம்பைக் கொத்திவிடும். எந்தக் கருவியானாலும் முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதி.

தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, முழுதாக இரண்டு நாள் காயவிடுங்கள். இடுக்கில் ஈரம் இருந்தால் எபாக்சி ஒட்டாது.

பாக்கெட்டில் பொதுவாக மூன்று பொருள் இருக்கும்: ரெசின், ஹார்ட்னர், கலர் பவுடர். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ரெசின் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு போகாது. முதலில் ரெசினையும் ஹார்ட்னரையும் இரண்டு நிமிடம் கலக்கி, பிறகு பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டியில்லாமல் பிசையுங்கள். தண்ணீர் ஒரு துளியும் சேர்க்கக் கூடாது. பாதி மட்டும் வேண்டுமென்றால் சமையல் தராசில் எடைபோட்டுப் பிரியுங்கள். கண்ணளவில் பிரித்தால் சில இடம் இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். கலந்தபின் சுமார் அரை மணி நேரம்தான் கையாள முடியும், வெயில் நேரத்தில் அதைவிடக் குறைவு. காலை ஏழு மணிக்குத் தொடங்கி, கால் கிலோ கால் கிலோவாகக் கலப்பது நல்லது.

ரப்பர் கரணையால் இடுக்குக்குக் குறுக்காக, மூலைவாட்டில் இழுத்து அழுத்துங்கள். இடுக்கின் போக்கிலேயே இழுத்தால் வைத்ததைக் கரணையே வாரி எடுத்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் நைலான் நாரைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, வட்டமாக லேசாகத் தேயுங்கள். டைல்ஸ் மேலிருப்பது குழைந்து பாலாடைபோல் திரண்டு வரும். அதை ஸ்பாஞ்சால் ஒரே இழுப்பில் ஒற்றி எடுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் ஸ்பாஞ்சை அலசுங்கள். இந்தத் துடைப்பை நாளைக்குத் தள்ளிப்போட்டால் டைல்ஸ் மேல் இறுகிய படலத்தை எடுக்கத் தனி கிளீனர் வாங்க வேண்டிவரும்.

24 மணி நேரம் கால் வைக்க வேண்டாம். குளிக்கத் தொடங்கும் நாள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள். முழுதாக இறுக ஏழு நாள் ஆகும்.

தரையும் சுவரும் சேரும் மூலையிலும், சுவரும் சுவரும் சேரும் மூலையிலும் எபாக்சி வேண்டாம். இரண்டு பரப்பும் தனித்தனியாக அசைவதால் கெட்டிப் பொருள் அங்கே வெடித்துவிடும். பூஞ்சை பிடிக்காத, நியூட்ரல் வகை சானிட்டரி சிலிக்கான் வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் வகை சிமெண்ட் பரப்பில் சரியாக ஒட்டாது. மூலையின் இருபக்கமும் டேப் ஒட்டி, சிலிக்கான் கன்னால் (டியூபைப் பிதுக்கும் கருவி) ஒரே ஓட்டமாக வைத்து, சோப்புத் தண்ணீரில் தொட்ட விரலால் ஒருமுறை வழித்து, படலம் கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள். டைவர்ட்டர் தகட்டுக்குப் பின்னாலும் இதே சிலிக்கான்தான். தகட்டின் அடிப்பக்கம் மட்டும் ஒரு விரலளவு விட்டுவிடுங்கள், உள்ளே கசிந்தால் வெளியே தெரியட்டும்.

பொக்குச் சத்தம் தரும் டைல்ஸ்

நாணயத்தால் தட்டும்போது பொக்கென்று கேட்டால் அடியில் வெற்றிடம். விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரை அரை சதவீதம்கூட உறிஞ்சாது, அதனால் சிமெண்ட் பால் அதில் வேர்பிடிக்காது. நான்கு மூலையில் கலவையை உருட்டி வைத்து ஒட்டியிருந்தாலும் இதே கதைதான். அசையாத, வெடிக்காத டைல்ஸ் ஒன்றிரண்டு பொக்காக இருந்தால் விட்டுவிடலாம். அசைந்தால் மாற்றுங்கள்.

முதலில் அந்த டைல்ஸைச் சுற்றியுள்ள ஜாயின்ட்டை முழு ஆழத்துக்கு அறுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடி பக்கத்து டைல்ஸுக்கும் பாயும். நடுவில் உடைத்து விளிம்பை நோக்கி வாருங்கள். பழைய கலவையை 4 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டும்போது அடியில் வாட்டர்ப்ரூஃப் பூச்சு தெரிந்தால் கை நிற்கட்டும், அதைக் கிழிக்கக் கூடாது. டைல்ஸ் அட்ஹெசிவைப் பல் வைத்த கரணையால் தரையில் சீவி, டைல்ஸின் முதுகிலும் மெல்லியதாகத் தேய்த்து அழுத்துங்கள். அட்ஹெசிவில் ஒட்டும் டைல்ஸைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. மறுநாள் ஜாயின்ட் நிரப்பலாம்.

தேங்கும் தண்ணீர், நாற்றம், உப்பு

ஷவர் பகுதியில் மீட்டருக்கு 12 மி.மீ. வாட்டம் வேண்டும், நான்கடிக்கு 15 மி.மீ. ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அதற்குமுன் ஜாலியைத் தொட்டுப் பாருங்கள். அது டைல்ஸைவிட மேடாக இருப்பதுதான் சில இடங்களில் முழுக் காரணமும். ஜாலியை இறக்கி வைத்தாலே தீர்ந்துவிடும். வாட்டமே தப்பு என்றால் ட்ராப்பைச் சுற்றி இரண்டு மூன்று வரிசையைப் பெயர்த்து மறுபடி பதிப்பதைத் தவிர வழியில்லை.

சாக்கடை நாற்றத்துக்கு, அடைப்பு எடுக்க வந்தவர் ட்ராப்பின் உள்கிண்ணத்தைத் திரும்ப வைத்தாரா என்று பாருங்கள். புழங்காத பாத்ரூமில் ட்ராப் தண்ணீர் வற்றிவிடும், வாரம் ஒரு பக்கெட் ஊற்றினால் போதும்.

போர்வெல் உப்புப் படலத்துக்கு சிட்ரிக் அமிலம்: ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம், பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். மார்பிள், கடப்பாக்கல் பதித்த இடத்தில் வேண்டாம். கடையில் விற்கும் ஆசிட் ஜாயின்ட்டையும் குழாயின் மெருகையும் தின்றுவிடும். எந்த அமிலத்தையும் ப்ளீச்சோடு கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். ஜாயின்ட் வழியாகவே வெள்ளையாக உப்புப் பூத்து, துடைக்கத் துடைக்க வந்தால் அது அழுக்கு அல்ல, டைல்ஸுக்குப் பின்னால் தண்ணீர் நிற்பதன் அடையாளம். சோதனைக்குத் திரும்புங்கள்.

தரை சோதனையில் தோற்று, ட்ராப்பையும் ஜாயின்ட்டையும் சரிசெய்தபின்னும் தோற்றால், தரையை உடைத்து வாட்டர்ப்ரூஃப் பூச்சைப் புதிதாகப் போட வேண்டியதுதான். இரண்டு கோட்டிங், முதலாவது நெடுக்கு, இரண்டாவது குறுக்கு. சுவரில் ஓர் அடி ஏற்றம், ஷவர் சுவரில் ஆறடி. டைல்ஸ் பதிக்க கொத்தனார் அவசரப்படுவார். விடாதீர்கள். பூச்சு காய்ந்ததும் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தி, கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பார்த்துவிட்டு, அதன்பிறகு முதல் டைல்ஸை வைக்கச் சொல்லுங்கள்.