ஓட்டோ கியர் ஒயிலையும் பில்டரையும் வீட்டில் மாற்றும் முறை

கொழும்பின் காலி வீதி நெரிசலில் காலையும் மாலையும் ஊர்ந்து செல்லும் ஓட்டோ கியர் (தானியங்கி கியர்) வாகனத்தின் கியர் ஒயில் விரைவில் சூடேறிக் கெடுவதால், அதை வாழ்நாளில் மாற்றவே தேவையில்லை என்ற விற்பனைப் பேச்சை நம்பியிருப்பது உசிதமல்ல.

முதலில் உங்கள் கியர்பெட்டியின் வகையை உறுதி செய்துகொள்ளுங்கள். இங்கு கூறப்படுவது டிப் ஸ்டிக் (ஒயில் மட்டம் பார்க்கும் கோல்) உள்ள சாதாரண ஓட்டோ கியருக்கே பொருந்தும். கியர் படிகளின்றி இயங்கும் சிவிடி (CVT) வகைக்கு வேறு ஒயில் உண்டு, அவற்றைக் கலப்பது கியர்பெட்டியையே பாழாக்கும். டொயோட்டாவிலேயே கொரோல்லா 121 போன்ற பழைய வாகனங்களுக்கு டைப் டி-4 (T-IV) ஒயிலும் பிந்தியவற்றுக்கு டபிள்யூ.எஸ். (WS) ஒயிலும் குறிக்கப்பட்டுள்ளன. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பில்டரும், ஒயில் கசியாமல் தடுக்கும் காஸ்கெட்டும் வாங்கும்போது மொடல் பெயரை மட்டும் சொல்லாமல் சேசிஸ் இலக்கத்தையும் கொடுங்கள்.

வாகனத்தைச் சில நிமிடங்கள் ஓட்டி ஒயிலை இளஞ்சூடாக்கிய பின், சமதளத்தில் உயர்த்தி, ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே படுக்கக் கூடாது. வடிகால் போல்ட்டைக் கழற்றி, வடியும் ஒயிலை அளவு குறித்த பாத்திரத்தில் பிடியுங்கள். பின்னர் எவ்வளவு ஊற்றுவது என்பதற்கு அந்த அளவே வழிகாட்டி.

கியர்பெட்டியின் அடியிலுள்ள ஒயில் தட்டான சம்ப்பின் போல்ட்டுகளை ஒரு பக்கத்திலிருந்து தளர்த்தினால் மீதி ஒயில் ஒரு மூலையால் வழியும். கழற்றிய சம்ப்பின் அடியில் காந்தத் துண்டுகள் ஒட்டியிருக்கும். அவற்றின் மேல் சாம்பல் நிறப் பசைபோல் படிந்திருப்பது வழமையான தேய்மானம். விரலில் உரசும் உலோகச் சில்லுகள் இருந்தால், அல்லது ஒயில் கறுத்துக் கருகிய மணம் வீசினால், புதிய ஒயில் அக்கோளாறைத் தீர்க்காது, கராஜில் காட்டுவதே முறை. பில்டரைக் கழற்றும்போது மீண்டும் ஒயில் கொட்டும். பில்டரின் பழைய ரப்பர் ஓ-வளையம் மேலேயே ஒட்டி நின்றுவிடுவதுண்டு. அதைக் கவனியாமல் புதியதை ஏற்றினால் பில்டர் சரியாகப் பொருந்தாது.

காந்தங்களைத் துடைத்து அதே இடத்தில் வைத்து, புதிய காஸ்கெட்டுடன் சம்ப்பையும், வடிகால் போல்ட்டையும் பூட்டுங்கள். சம்ப் போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். பல வாகனங்களில் இவற்றுக்கு ஏறக்குறைய 8 நியூட்டன் மீற்றர் போதும் என்பதால், கைப்பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை கழன்றுவிடும். இவ்வேலையில் அதிகம் நேரும் சேதம் இதுவே.

வடிந்த அளவு ஒயிலை டிப் ஸ்டிக் குழாயில் புனல் வைத்து ஊற்றுங்கள். என்ஜினை இயக்கி, பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொரு நிலையிலும் சில வினாடிகள் நிறுத்தி மீண்டும் பி நிலைக்குக் கொண்டுவாருங்கள். சிறிது தூரம் ஓடி ஒயில் 70 முதல் 80 பாகை செல்சியஸ் வரை சூடான பின், என்ஜின் ஓடும்போதே டிப் ஸ்டிக்கிலுள்ள ‘ஹொட்’ (சூடு) குறிகளுக்கிடையில் மட்டம் பாருங்கள். கூடினால் ஒயில் நுரைக்கும், குறைந்தால் கியர் வழுக்கும்.

என்ஜினின் விசையை ஒயில் வழியாகக் கியர்பெட்டிக்குக் கடத்தும் டோர்க் கன்வேர்ட்டரில் பழைய ஒயில் தங்கிவிடுவதால் ஒரு முறையில் பாதிக்கும் குறைவாகவே மாறும். சில வாரங்கள் ஓடிய பின் வடிகால் வழியாக மட்டும் மீண்டும் மாற்றலாம். கழிவு ஒயிலை வடிகானில் ஊற்றாமல், கலனில் அடைத்து, அதை ஏற்கும் சேர்விஸ் நிலையத்தில் ஒப்படையுங்கள்.