ரூபென்ஸ் பாணியில் தேவியரின் மேனி நிறம்

பதினேழாம் நூற்றாண்டு ஃப்ளெமிஷ் ஓவியர் ரூபென்ஸ் 1630-களில் ஓக் பலகைமீது தீட்டிய 'பாரிஸின் தீர்ப்பு' லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. கிரேக்கக் கதையில் மூன்று தேவியரில் யார் அழகி என்று டிராய் இளவரசன் பாரிஸ் தீர்ப்பு சொல்லும் காட்சி அது. மூன்று தேவியரின் மேனியிலும் வெளிச்சம் நிழலாகத் திரும்பும் இடத்தைப் பாருங்கள்: முத்தின் சாம்பல் சாயல். இதை நீலம் குழைத்துப் பூசினால் தோல் கன்றிப்போனதுபோல் ஆகிவிடும். அதைத் தருவது, ஓவியத்துக்கு முன் பலகையில் பூசிவைக்கும் அடித்தளம். அதனால் வேலையில் பாதி பலகையிலேயே முடிந்துவிடுகிறது.

30×40 செ.மீ. அளவில் நல்ல ப்ளைவுட் போதும். 25 கிராம் வஜ்ஜிரப் பசையை 350 மி.லி. தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். கொதித்தால் பசை வலுவிழக்கும். முதலில் வெறும் பசையை ஒரு கை, பின்பக்கமும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும். மீதிப் பசையில் சலித்த சுண்ணப்பொடியை (சாக் பொடி) தூவி, கெட்டி மோர் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். வேகமாகக் கலக்கினால் காற்று புகுந்து ஊசித்துளைகள் விழும். ஒரு கை குறுக்கே, அடுத்தது நெடுக்கே என ஆறேழு பூச்சு. காய்ந்ததும் உப்புத்தாள். நகம் பட்டுப் பொடி உதிர்ந்தால் பசை போதவில்லை. வெடிப்பு விட்டால் பசை அதிகம்.

அதன்மேல் ரூபென்ஸின் அடையாளமான கோடுகள். கரித்தூள், மஞ்சள் காவி, துளி வெள்ளை மூன்றையும் ஆளிவிதை எண்ணெயில் நீர்க்கக் குழைத்து, முரட்டுப் பன்றிமயிர் பிரஷ்ஷால் ஒரே வீச்சில் சாய்வாக இழுங்கள். கோடுகளைத் தேய்த்து மறைக்காதீர்கள். முழுக்கக் காயட்டும்.

உருவத்தைப் பழுப்பு நிறத்தில் மெல்லிதாக வரைந்துவிட்டு மேனிக்கு வாருங்கள். வெள்ளை, மஞ்சள் காவி, சிறிது சாதிலிங்கம் (வெர்மிலியன் சிவப்பு). தோள், மார்பு, முழங்கால் மேட்டில் கெட்டியாக வையுங்கள். அங்கிருந்து அதே வண்ணத்தை நிழலை நோக்கி, பிரஷ்ஷில் ஏறக்குறைய ஒன்றுமில்லாத அளவுக்கு மெலிய இழுங்கள். கருமையான அடித்தளத்தின்மேல் மெல்லிய வெளிர் படலம் படிந்தால் கண்ணுக்கு அது குளிர்ச்சியாகத் தெரியும். முத்துச் சாம்பல் அங்கேதான் பிறக்கிறது. ஒருமுறை இழுத்ததைத் திரும்பத் தொட்டால் சேறாகும்.

பழைய ஓவியர்களின் ஈய வெள்ளை நஞ்சு. பொடியாக வாங்கவே வேண்டாம். காய்ந்த பூச்சை உலர்வாகத் தேய்க்கவும் வேண்டாம். டைட்டானியம் வெள்ளை பாதுகாப்பானது, ஆனால் அடித்தளத்தை முழுக்க மூடிவிடும். எண்ணெயில் குழைத்த சுண்ணப்பொடியை நான்கில் ஒரு பங்கு சேர்த்தால் ஒளி ஊடுருவும்.

நிழலுக்கு வெள்ளை வேண்டாம். பழுப்பை மெலிதாக விட்டு, விரலிடுக்கிலும் அக்குள் மடிப்பிலும் சாதிலிங்கக் கீற்று ஒன்று வையுங்கள். பக்கத்து உடலின் வெளிச்சம் பட்டுத் திரும்பும் சூடு அதில் வந்துவிடும். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள்.