கொட்டாங்குச்சிக் கரியால் உப்பு நீங்குமா? வழக்கமாக நடக்கும் தவறுகள்

போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது, கொட்டாங்குச்சிக் கரி போட்டு வடிகட்டினால் சரியாகுமா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. கரி குளோரின் வாடையையும் நிறத்தையும் சில பூச்சிமருந்து எச்சங்களையும் பிடித்துக்கொள்ளும். கரைந்த உப்போ மின்னேற்றம் உள்ள அயனிகளாகப் பிரிந்து, நீர் மூலக்கூறுகள் சூழத் திரிகிறது. சும்மா கிடக்கும் கரியில் அது ஒட்டாது. தேத்தாங்கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும், உப்பைத் தொடாது. கரியின் கதையும் அதுதான்.

அப்படியானால் தாவரக் கரியால் உப்பை நீக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்வது பொய்யா? இல்லை, அங்கே மின்சாரம் சேர்கிறது. இரண்டு கரித் தகடுகளுக்கு நடுவே தண்ணீரை ஓடவிட்டு, சுமார் 1.2 வோல்ட் கொடுக்கிறார்கள். சோடியம் ஒரு தகட்டுக்கும் குளோரைடு மற்றதற்கும் இழுபட்டு, நுண்துளைகளுக்குள் தங்கிவிடுகின்றன. மின்தேக்கி வேலை செய்கிற அதே விதம்.

இதைச் செய்து பார்க்கிற மாணவர்கள் முதலில் சறுக்குவது வோல்ட்டில். வேகமாக நீங்கட்டும் என்று 5 வோல்ட், 9 வோல்ட் பேட்டரியை மாட்டுவார்கள். 1.23 வோல்ட்டைத் தாண்டினால் தண்ணீரே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிளக்கத் தொடங்கலாம். குமிழி வருவதைப் பார்த்து உப்பு போகிறது என்று மகிழ வேண்டாம். குளோரின் கிளம்பலாம், நேர்மின் தகட்டுக் கரியும் ஆக்சிஜனேற்றம் அடைந்து வீணாகும்.

அடுத்தது கரி. அடுப்புக் கரி மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. காற்றுப் படாமல் 800 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சுட்ட கரிதான் உதவும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். சாம்பலும், நுண்துளைகளை உண்டாக்கச் சேர்த்திருந்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் போகும்வரை கழுவுவதும் முக்கியம். கழுவாத கரி தண்ணீரின் டிடிஎஸ்ஸை, அதாவது கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவை, ஏற்றிவிடும். உப்பை எடுக்க வந்தது உப்பைக் கொடுத்துவிட்டுப் போகும்.

என்னை மிகவும் வருத்துவது கணக்குப் போடாமல் இறங்குவதுதான். நல்ல கரி ஒரு சுற்றில், கிராமுக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் உப்பைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 2000 மில்லிகிராம் உப்புள்ள நீரை 500-க்கு இறக்க, லிட்டருக்கு 1500 மில்லிகிராம் எடுக்க வேண்டும். அதற்கு 150 கிராம் கரி. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மூன்றரை கிலோ கரி போட்டாலும் ஒரு சுற்றில் ஒரு லிட்டர்தான். அதனால்தான் இந்த முறை கிணற்று உவர்நீருக்குப் பொருந்துகிறது, கடல்நீருக்கு அல்ல.

பிடித்த உப்பு மறைந்துவிடுவதும் இல்லை. துளைகள் நிறைந்ததும் இணைப்பைத் துண்டித்துத் தகடுகள் இரண்டையும் ஒரு கம்பியால் நேரடியாக இணைத்தால், அல்லது முனைகளைச் சற்று நேரம் மாற்றினால், அது வெளியே வரும். அந்தத் தண்ணீருக்குத் தனிக் குழாய் வேண்டும். ஒரே பாத்திரத்தில் பிடித்தால் செய்த வேலையெல்லாம் பாழ்.

டிடிஎஸ் மீட்டர் 300 காட்டியதும் குடித்துவிடாதீர்கள். அது மின்கடத்தலை வைத்துச் சொல்லும் மதிப்பீடு மட்டுமே. கிருமி உண்டா, ஃப்ளோரைடு எவ்வளவு என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. குடிக்கும் முன் ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.