மேக்ரோ சொதப்பினால் எங்கிருந்து தேடுவது?

பொழுதுபோக்காக ஒரு குட்டி சி கம்பைலர் (சி மொழியில் எழுதிய புரோகிராமைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றுவது) எழுதி வருகிறேன். போன சனிக்கிழமை தரமணியில் வேலை பார்க்கும் நண்பன் போன் செய்தான். "உன் கம்பைலர்ல ஓடுற புரோகிராம் ஜிசிசில எரர் அடிக்குதுடா. ஜிசிசில பக் போல." ஜிசிசி என்பது ஊரே பயன்படுத்தும் சி கம்பைலர். எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. ஜிசிசியும் நான் எழுதியதும் முட்டிக்கொண்டால் தப்பு யார் பக்கம் என்று ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை.

படி 1: ப்ரீப்ராசஸரோடு நிறுத்துங்கள். மேக்ரோ என்பது ஒரு பெயர் வரும் இடத்தில் வேறு எழுத்துகளை வைக்கச் சொல்லும் சுருக்கு; கம்பைல் செய்யும் முன் அதை விரிப்பது ப்ரீப்ராசஸர். ஜிசிசிக்கு -இ கொடுத்தால் (ஆங்கிலப் பெரிய எழுத்து E) மேக்ரோக்களை விரித்துக் காட்டிவிட்டு நின்றுவிடும். கூடவே -பி (இதுவும் பெரிய எழுத்து, P) போட்டால் இடையில் வரும் வரி எண் குறிப்புகளும் போய்விடும்.

படி 2: சுருக்குங்கள். பாதியை அழியுங்கள்; தப்பு இன்னும் வந்தால் மீதியிலும் பாதி. மறைந்துவிட்டால் அழித்ததைத் திரும்ப வையுங்கள். ஹெடர்களை (வெளியிலிருந்து சேர்க்கும் ஃபைல்களை) முதலில் தூக்கிவிடுவது நல்லது, பலவும் நூற்றுக்கணக்கான வரிகளைக் கொட்டும். நண்பனின் புரோகிராம் கடைசியில் இவ்வளவுதான் (## என்பது இரண்டு பக்கத்துத் துண்டுகளையும் ஒன்றாக ஒட்டும்):

#டிஃபைன் எண் 7
#டிஃபைன் ஒட்டு(அ, ஆ) அ##ஆ
ஒட்டு(வரி, எண்)

(டிஃபைனை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். பெயர்கள் தமிழில் இருக்கலாம், ஜிசிசி 10 முதல் அப்படியே ஏற்கும்.)

படி 3: இன்னொரு கம்பைலரைக் கேளுங்கள். ஜிசிசி, கிளாங் (இன்னொரு பிரபல சி கம்பைலர்) இரண்டும் வரிஎண் என்றன. என்னுடையது வரி7 என்றது. பார்த்தால் வரி7 தான் நியாயமாகத் தெரியும், இல்லையா? அங்கேதான் ஏமாறுகிறோம்.

படி 4: விதியைப் படியுங்கள். சி11 தரநிலையில் 6.10.3.1 பகுதி. மேக்ரோவுக்குக் கொடுத்த மதிப்பை முதலில் முழுசாக விரித்து, அப்புறம்தான் உள்ளே வைக்க வேண்டும். ஆனால் # க்குப் (மதிப்பை மேற்கோளுக்குள் போடும் குறி) பின்னாலோ, ## க்கு முன்னாலோ பின்னாலோ வந்தால் விரிக்காமல் அப்படியே வைக்க வேண்டும். நான் எல்லா இடத்திலும் விரித்துக்கொண்டிருந்தேன்.

படி 5: திருத்துங்கள். அவசரத்தில், மேக்ரோவில் ## இருந்தாலே எதையும் விரிக்காதே என்று எழுதிவிட்டேன். அதுவும் தப்பு. இதைப் பாருங்கள்:

#டிஃபைன் சோதனை(அ) வரி##அ அ
சோதனை(எண்)

வர வேண்டியது: வரிஎண் 7. ஒரே அ, ஓரிடத்தில் பச்சையாக, அடுத்த இடத்தில் விரிந்து. ஆகவே ஒவ்வொரு மதிப்புக்கும் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, வருகிற இடத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். இந்தச் சோதனை வரியை உங்கள் டெஸ்ட் ஃபோல்டரில் போட்டுவையுங்கள்.

சரி, திருத்தியாயிற்று. இப்போது நண்பனின் புரோகிராம் என் கம்பைலரிலும் எரர் அடிக்கிறது, அவனுக்கு வேண்டியது வரி7, கிடைப்பது வரிஎண். பாவம், அவனுக்கு ஒரு வரி அனுப்பினேன்:

#டிஃபைன் இணை(அ, ஆ) ஒட்டு(அ, ஆ)

இணைக்குள் ## இல்லை. அதனால் எண் முதலில் 7 ஆகி, அதற்குப் பிறகுதான் ஒட்டுக்குள் போகிறது. இணை(வரி, எண்) என்று எழுதினால் அவன் கேட்ட வரி7 மூன்று கம்பைலரிலும் வரும்.